பேரவைச் செயலிக்கு முகம் வைத்த கதை

பேரவைக்குத் தலைவர் இருந்தார். உபதலைவர்கள் இருந்தார்கள். செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், காப்பாளர், போஷகர், ஆலோசகர் என்று ஒரு குறையும் இல்லை. பதவி இல்லாத வெறும் அங்கத்தவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். முழுப்பெயர் மொன்ட்ரியால் தமிழ் வாசிப்பு வளர்ச்சிப் பேரவை. வருஷத்துக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். மலரின் முன்பாதியில் படத்தோடு வாழ்த்துச் செய்திகள். பின்பாதியில் நகைக்கடை, வீடு விற்பவர், வழக்கறிஞர் விளம்பரங்கள். நடுவில் தாள் மிஞ்சினால் ஒரு பிள்ளையின் கட்டுரை.

இந்த வருஷம் பேரவைக்கு ஒரு சோதனை வந்தது. பிள்ளைகள் தாய்மொழியில் வாசிப்பதற்கென்று அரசாங்க உதவி கிடைத்துவிட்டது. அதிலும் அச்சுப் புத்தகம் கூடாது, கைத்தொலைபேசியில் வாசிக்கிற செயலிதான் வேண்டும் என்று கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். செயலி என்றால் என்ன என்று நிர்வாகக் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடி ஆராய்ந்தது. போனில் திறக்கிற மலர்தான் செயலி என்று சாயங்காலம் தீர்மானமாயிற்று. பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தீர்மானம் பெற்ற பிள்ளைகள்.

உள்வேலையை ஒரு கம்பெனி பார்த்துக்கொண்டது. பெயர் என்ன, சின்னம் என்ன, நிறம் என்ன, திறந்தவுடன் எது தெரியவேண்டும் என்கிற முகவேலை சாம்பவியின் தலையில் விழுந்தது.

சாம்பவி நகரத்தின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் டெனிஸ்டனின் அச்சுக்கடையில் வேலை செய்தாள். கல்யாணக் கார்டு, பெண்பிள்ளை பெரியவளானதற்கு எடுக்கிற சாமத்திய வீட்டு அல்பம், சாப்பாட்டுக்கடை மெனு, மேடைக்குப் பின்னால் கட்டுகிற பனர் எல்லாம் அவள் கையால்தான் போகும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாடிக்கையாளர் வந்தால் கணினிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வாள். நகரத்தின் நடுவில் ஒரு கல்லூரி, வடிவமைப்புக்கு மாலை வகுப்பு நடத்தியது. சான்றிதழ் இல்லாதவர்களையும் சேர்ப்பார்கள். ஆனால் வெளியில் ஒரு நிறுவனத்துக்குச் செய்த வேலை ஒன்றைக் காட்டவேண்டும். அதைச் செய்தது இன்னார் என்று அந்த நிறுவனமே உறுதி சொல்லவேண்டும். கொண்டுவர மூன்று மாதத் தவணை கொடுத்திருந்தார்கள்.

பேரவைத் தலைவர் தியாகலிங்கம் பனர் எடுக்க வந்த இடத்தில் டெனிஸ்டன் இதை அவர் காதில் போட்டான். தலைவர் உடனே வாக்குக் கொடுத்தார். சின்னத்தை அவள் செய்யட்டும், செயலியில் அவள் பெயர் வரும், கல்லூரிக்குக் கடிதமும் வரும் என்றார். பேரவையின் வாக்கு கல்லில் எழுதிய மாதிரி என்றும் சொன்னார். எந்தக் கல் என்று சாம்பவி கேட்கவில்லை.

அவள் வரைந்தது சின்ன விஷயம். மூடிய புத்தகம் ஒன்று, அதன் தாள்களுக்கு நடுவில் ஒரு விரல். வாசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் பக்கம் தவறிப்போகாமல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்வோமே, அதுதான். மஞ்சளும் கருநீலமும். பெயர், 'விட்ட இடம்'. திறந்தால் வேறு ஒன்றும் வராது, போன முறை நிறுத்திய வரி வரும். அதைப் போனில் போட்டு எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

தலைவர் போனை வாங்கிக் கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றியும் பார்த்தார்.

"சின்னனாக் கிடக்கு பிள்ளை. இதை வச்சு என்னெண்டு முடிவெடுக்கிறது? பெரிசா ஒரு பனரில அடிச்சுக்கொண்டு வாரும்."

"அங்கிள், இது போனில நகத்தளவுதான் வரும்."

"வரேக்க வரட்டும். நாங்கள் பாக்கிறதுக்கு வடிவா இருக்கோணும்."

அடுத்த கூட்டத்தில் சின்னம் சுவரளவுக்குத் தொங்கியது. பேரவையார் தங்கள் வாழ்நாளில் எந்தச் சின்னத்தையும் மேடைக்குப் பின்னால் பனரில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சின்னம் இருக்கிற இடம் பனர். இதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சுவரளவு பெரிதானதும் அந்த விரல் எல்லாரையும் தொந்தரவு செய்தது. ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் இருந்து வந்த பேராசிரியர் மணிவாசகம் தமிழ்நாட்டுக்காரர்களின் சார்பில் உபதலைவர். அது யாருடைய விரல், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கேட்டார். பொருளாளர் கிருபானந்தன் நாற்காலியை நகர்த்தி வேறு பக்கத்தில் இருந்து பார்த்தார். அங்கேயும் விரல் அவரையே பார்த்தது.

"எனக்கு நேர நீட்டுற மாதிரிக் கிடக்கு," என்றார் அவர். "நான் போன வருஷக் கணக்கெல்லாம் குடுத்திட்டன். ஆரும் கேட்டவையே? கேக்க முன்னமே குடுத்தனான்."

ஒருவரும் கேட்கவில்லை என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. விரல் எடுக்கப்பட்டது.

பிறகு தலைவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் ஆறேழு பேர் இருந்தாலும் அவர் எழுந்து, ஒலிவாங்கி இருக்கவேண்டிய இடத்தில் கையை வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"விட்ட இடம் எண்டு பேர் வைக்கேலாது. நாங்கள் ஊரில விட்டிட்டு வந்ததே போதும். மற்றது, பிள்ளை சொல்லுறா திறந்த உடன கதையாம். ஒரு குழந்தை திறந்த உடன கதைக்குள்ள போனால் இதைத் தந்தது ஆர் எண்டு அந்தக் குழந்தைக்கு எப்பிடித் தெரியும்? வாசிக்கிறது முக்கியம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் வாசிக்க வச்சது ஆர் எண்டதுதான் அதைவிட முக்கியம்."

கைதட்டினார்கள். புதிய பெயர் அங்கேயே பிறந்தது: மொன்ட்ரியால் தமிழ் வாசிப்பு வளர்ச்சிப் பேரவையின் முத்தமிழ் ஞான வாசிப்புச் செயலி. தலைவர் ஒரு குத்துவிளக்கு வைக்கச் சொன்னார். விளக்குக்கு அழகாக ஒரு மயில் நிற்கட்டும் என்று கிருபானந்தன் சொன்னார். மணிவாசகம் ஓலைச்சுவடியும் எழுத்தாணியும் கேட்டார். "அறிவியலும் இருக்கணும்மா, ஒரு மைக்ராஸ்கோப் போட்டுடுங்க, ஓரமா இருந்தா போதும்" என்றார். மயிலின் தோகை விரிந்ததில் புத்தகம் மறைந்துபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை. சாம்பவி கவனித்தாள். தோகையைக் கொஞ்சம் ஒடுக்கிப் பார்த்தாள். மயில் மெலிந்துவிட்டது என்று பொருளாளர் வருத்தப்பட்டார். பெயர் வரப்போகிறதே என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

வெளியீட்டு விழா அழைப்பிதழ் அச்சுக்கு வந்தது. பேரவையின் அச்சுவேலை எல்லாம் டெனிஸ்டனிடம்தான், ஆகவே அதுவும் சாம்பவியின் கணினிக்கே வந்தது. எழுத்தை வரிசைப்படுத்திக்கொண்டு போனவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள். சின்னமும் முழு வடிவமைப்பும்: செல்வி றொஷினி தியாகலிங்கம்.

தலைவருக்குப் போன் எடுத்தாள். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்கவேண்டிய காரியம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நீர் கோவிக்கப்படாது பிள்ளை. என்ர மகள் மெடிசினுக்கு அப்ளை பண்ணுறாள். மார்க்ஸ் எல்லாம் திறம். சமூக சேவை எண்ட ஒண்டுதான் இல்லை. நீர் படிப்பை விட்டனீர்தானே, உமக்கு இது இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்."

"எனக்குக் கல்லூரித் தவணை முடியிறதுக்குள்ள கடிதம் வேணும் அங்கிள். நீங்கள் சொன்னனீங்கள்."

"நன்றியுரையில 'உதவிய அனைவருக்கும்' எண்டு ஒரு வரி வருது. அதுக்குள்ள நீரும்தானே வாறீர்."

சாம்பவி போனை வைத்தாள். அழைப்பிதழை ஒரு பிழை இல்லாமல் அச்சடித்து, வெட்டி, கட்டி அனுப்பினாள். மற்றவர்கள் கோபப்பட்டால் சத்தம் வரும். அவளுக்குக் கோபம் வந்தால் வேலை சுத்தமாக வரும்.

அடுத்த கூட்டத்தில் அவளே வாய் திறந்தாள். பேரவையார் திகைத்துப்போனார்கள், அவள் குரல் எப்படி இருக்கும் என்றே பலருக்குத் தெரியாது. படத்தில் இத்தனை உருவங்கள் இருக்கின்றன, இதையெல்லாம் சொன்னவர்கள் பெயர் எங்கே என்று கேட்டாள். பிள்ளை மயிலைத் தொட்டால் மயில் வைக்கச் சொன்னவரின் படம் வரட்டும். பெயர் வரட்டும். அவருடைய குரலிலேயே வாழ்த்து வரட்டும். எல்லா வாழ்த்தும் கேட்டு முடிந்தால்தான் கதை திறக்கும். நடுவில் தாண்டிப் போக வழி இருக்காது.

கிருபானந்தனுக்குக் கண் கலங்கியது.

"இப்பதான் பிள்ளைக்கு விளங்கியிருக்கு," என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வராதவர்களும் வந்தார்கள். உருவம் இல்லாதவருக்குப் பெயர் இல்லை என்பதால் ஆளுக்கொரு உருவம் கேட்டார்கள். காப்பாளர் யாழ் கேட்டார். போஷகர் உதயசூரியன் கேட்டார். கனடாவுக்கு மேப்பிள் இலையும் கியூபெக்குக்கு லில்லிப் பூவும் வைக்கவேண்டும் என்று செயலாளர் சொன்னார். எது பெரிதாகத் தெரிந்தாலும் மற்ற அரசாங்கம் மனம் நோகும் என்பதால் இரண்டையும் அடிமட்டம் வைத்து அளந்தார். சாம்பவி ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. "வைப்பம் அங்கிள்" என்றாள். "இன்னும் கொஞ்சம் பெரிசாக்குவமே?" என்றும் கேட்டாள். பனர் ஒவ்வொரு முறையும் அகலமாகிக்கொண்டு வந்தது. அதைப் போனில் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை.

நிகழ்ச்சி ஒழுங்கும் செயலிக்குள் போயிற்று. முதலில் விளக்கேற்றல், திரி திரியாக. பிறகு மௌன அஞ்சலி. வரவேற்புரை, தலைவரின் ஆசியுரை, உருவம் உருவமாக வாழ்த்துரை, நன்றியுரை. நன்றியுரை கதைக்கு முன்னால் வருவதை ஒருவர் குறிப்பிட்டார். கதை முடிந்தால் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுவார்கள், பிறகு யாருக்கு நன்றி சொல்வது என்று தலைவர் விளக்கினார். ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியீட்டு விழாவுக்கு உதவி கொடுத்த இடத்திலிருந்து பிரெஞ்சுக்கார மதாம் ஒருவர் வந்திருந்தார். வெள்ளைத் தலைமயிர், சால்வை போர்த்தியதும் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு புன்னகையோடு இருந்தார். மேடைக்குப் பின்னால் பனர் சுவரை மூடியது; அதில் ஒவ்வொரு உருவத்துக்குப் பக்கத்திலும் அதைக் கேட்டவரின் முகம், கீழே றொஷினியின் பெயர். பக்கத்தில் பெரிய திரை, அதில் போனுக்குள் இருப்பது தெரியும். மதாம் செயலியைத் தொட்டுத் திறந்துவைக்கவேண்டும்.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடினார். திரையில் சபையும் தேடியது. எல்லா உருவமும் நகத்தளவுக்குள் நசிந்து, பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒன்று மூலையில் அப்பிக் கிடந்தது. கீழே 'மொன்ட்ரி' என்று பெயரில் பாதிச் சொல். முன்வரிசைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அது கொத்து ரொட்டி என்றார்கள். ஒரு பிள்ளை ஆட்டிறைச்சிக் கொத்து என்று திருத்தியது.

மதாம் தொட்டார். விளக்கு எரியத் தொடங்கியது. எரிந்து முடியச் சபை காத்திருந்தது. பிறகு மௌன அஞ்சலிக்கு எழும்பும்படி போன் கேட்டது. சபை விழாத் தொடக்கத்திலேயே ஒருமுறை எழுந்து நின்றதுதான், ஆனால் அஞ்சலிக்கு எழும்பாமல் எப்படி இருப்பது, திரும்பவும் எழுந்தார்கள். இந்த இடைவெளியில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் உரையைத் தொடங்கினார். அப்போது திரையில் இருந்த தலைவரும் தொடங்கினார். இரண்டு தியாகலிங்கங்களும் ஒரே ஆசியை முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மேடையில் நின்றவர் மூச்சு வாங்க நிறுத்தினார். திரையில் இருந்தவருக்கு அந்தத் தேவை இல்லை.

மதாம் மரியாதைக்காக மயிலைத் தொட்டார். கிருபானந்தனின் முகம் திரை முழுக்க வந்தது. ஏன் மயில் என்று மதாம் பிரெஞ்சில் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான். முன்வரிசையில் இருந்த கிருபானந்தனிடம் கேள்வி மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. அவர் எழுந்து, உட்கார்ந்து, திரும்ப எழுந்தார். தலைவர்தான் சொன்னவர் என்றார். திரையில் இருந்த கிருபானந்தன் அதே நேரத்தில், இந்த மயில் அடியேனின் பல வருடக் கனவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சபை சிரிக்கத் தொடங்கியது. மதாம் மைக்ராஸ்கோப்பைத் தொட்டார், யாழைத் தொட்டார், சூரியனைத் தொட்டார். தொடத் தொட முகங்கள் வந்தன. யார் வைத்தது என்று இனிமேல் ஒருவரும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மண்டபத்தை வாடகைக்கு எடுத்த நேரம் முடிந்து விளக்குகளை அணைத்தார்கள். நன்றியுரை அப்போதும் வந்து சேரவில்லை. கதை எங்கே என்று மதாம் வாசலில் கேட்டுக்கொண்டு போனார்.

கடைசி வரிசையில் சாம்பவி கையை மடியில் கட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சிரித்தாள்.

அடுத்த நாளே ஊர் முழுக்கக் கொத்து என்ற பெயர் பரவிவிட்டது. யாரோ எடுத்த வீடியோ லண்டன், டொரொன்டோ எல்லாம் போய்த் திரும்பி வந்தது. பெயர் வேண்டும் என்று வரிசையில் நின்றவர்கள் இப்போது ஒருவர் பின் ஒருவராக அச்சுக்கடைக்குப் போன் எடுத்தார்கள். மயிலை நான் ஆதரித்தேன், முன்மொழியவில்லை என்றார் கிருபானந்தன். மணிவாசகம் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார்: "நான் சும்மா ஒரு சஜஷன்தான்மா குடுத்தேன், அதையா போய்ப் போடுவீங்க?" எல்லாம் நிர்வாகக் குழு தீர்மானித்தது, தீர்மானம் இல்லாமல் கை வைக்க முடியாது என்று சாம்பவி பணிவாகப் பதில் சொன்னாள். றொஷினிக்கும் நேர்முகம் வந்தது. விண்ணப்பத்தில் இருந்த வடிவமைப்பைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். மயிலுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதோடு அவள் வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதாளாம். டெனிஸ்டன் இதைச் சொன்னபோது சாம்பவிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அழைப்பிதழின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்ததும் அந்தக் கணம் முடிந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. பேரவை வரலாற்றில் படம் எடுக்காத முதல் கூட்டம் அதுதான். பனரையும் கத்தரிக்கோலையும் கொண்டுவரும்படி சாம்பவிக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் கடையில் இருந்த கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். "பேரவை இனிப் பேர் தேடாது. தன்னடக்கம்தான் தமிழனுக்கு அழகு. எங்கட இந்தத் தன்னடக்கத்தை அடுத்த மலரில எல்லாரின்ர படத்தோடயும் போடோணும்."

பிறகு பனரைத் தரையில் விரித்தார்கள். சின்னம் இருக்கிற இடம் பனர் அல்லவா. கிருபானந்தன் முழங்காலில் நின்று மயிலையும் தன் முகத்தையும் சேர்த்து வெட்டினார். மணிவாசகம் தன்னை வெட்டும்போது பக்கத்திலிருந்த காப்பாளரின் காது போய்விட்டது, அதில் கொஞ்சம் வாய்த்தர்க்கம் வந்தது. செயலாளர் இலையையும் பூவையும் ஒரே அளவாக வெட்டினார். ஒவ்வொருவராகத் தங்கள் முகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக எழும்பினார்கள். எல்லாக் கத்தரிக்கோலையும் சாம்பவி வாங்கித் தன் பையில் போட்டாள்.

தரையில் மிஞ்சியது பெரும் ஓட்டைகளும், தலைவரின் முகமும், கீழே றொஷினியின் பெயரும்தான். தலைவர் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார். சாம்பவி பையை மற்றப் பக்கம் மாற்றினாள். அவர் உடனே சட்டைப்பையிலிருந்து கடிதத்தலைப்பில் அடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"நீர் பேர் வேணும் எண்டனீரெல்லே. இந்தாரும். எல்லாம் நீர்தான் யோசிச்சுச் செய்தனீர், பேரவைக்கோ என்ர மகளுக்கோ ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு எழுதியிருக்கு."

கல்லூரிக்கு நாளைக்குக் கொடுத்தால்தான் உண்டு. அவள் கேட்ட பெயர், முழுப்பெயர், முத்திரையோடு அவர் கையில் இருந்தது. கொத்துப் பழியும் அதோடு சேர்ந்து இருந்தது. சாம்பவி தாளை வாங்கி நிதானமாக வாசித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் வரைஞ்சது அந்த விரலும் புத்தகமும்தான் அங்கிள். அதைப் பேரவை வேண்டாமெண்டு சொன்னது. வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு இதைத் தாங்களே செய்தவை. அப்பிடி எழுதுங்கோ."

"அது பேரவைக்கு மரியாதையே பிள்ளை?"

அவள் இரண்டடி நகர்ந்து, தரையில் கிடந்த அவர் முகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பனிக்காலச் சப்பாத்து, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சுருட்டிய முகங்களோடு வாசலில் நின்று, கெதியா எழுதுங்கோ என்று தலைவரை அவசரப்படுத்தினார்கள். அவர் கையால் எழுதினார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கையொப்பமும் முத்திரையும் விழுந்த பிறகு அவள் பையைத் திறந்து, நல்ல கூரான கத்தரிக்கோலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

போனுக்குள் இருப்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பனர் போய்விட்டதே.

கல்லூரியில் விரல் படத்தையும் கடிதத்தையும் பார்த்தார்கள். பேரவை தன் கைப்படத் தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்ததை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்துத் தலைவர் போன் எடுத்தார். "பிள்ளை, நாங்கள் அண்டைக்கு வெட்டினதெல்லாம் போனில இன்னும் கிடக்கு."

"ஓம் அங்கிள். கூட்டத்தில பனருக்குத்தானே தீர்மானம் எடுத்தனீங்கள். போனுக்கும் ஒண்டு எடுங்கோ, உடன மாத்திறன்."

எடுக்க முடியவில்லை. தன்னடக்கப் படத்தில் நடுவில் யார் இருப்பது என்பதில் பேரவை அதற்குள் இரண்டாக உடைந்துவிட்டது. ஒரு பக்கம் தீர்மானித்ததை மற்றப் பக்கம் செல்லாது என்றது. புதுப் பேரவைக்குத் தலைவரான கிருபானந்தன், செயலி தங்கள் பக்கத்துக்கே சொந்தம் என்று காட்டுவதற்காக ஓர் ஆசியுரை அனுப்பினார். சாம்பவி அன்றைக்கே சேர்த்தாள். அதைக் கேள்விப்பட்ட தியாகலிங்கம் தன்னுடையதை நீட்டி அனுப்பினார். அதையும் சேர்த்தாள். இப்போது அந்தச் செயலியைத் திறந்தால் இரண்டு குத்துவிளக்குகள் எரிகின்றன. ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் மெட்ரோ ரயில் ஏறும் பிள்ளை ஒன்று அதைத் தொட்டால், ஆற்றுக்கு அடியால் வந்து, மாறி ஏறி, வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போதும் யாரோ ஒருவர் வாழ்த்திக்கொண்டிருக்கிறார். கதை வேண்டும் என்கிற பிள்ளைகள் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வகையில் பேரவையின் நோக்கம் நிறைவேறியது.

இரண்டு தலைவர்களும் மாறி மாறி இப்போதும் போன் எடுக்கிறார்கள், மற்றவருடையதைவிடத் தன்னுடையது குறைந்துவிட்டதா என்று. சாம்பவி வகுப்புக்குப் போகும் வழியில் நின்று, ஒருநாளும் அலுக்காமல், இருவருக்கும் ஒரே மரியாதையோடு பதில் சொல்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் நீட்டலாம் அங்கிள். படத்தையும் பெரிசாக்குவம்."